நரமாமிசத் தீவில் என் மாமனார் வீடு

கோவில்பட்டி,
திங்கட்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிக்க அண்ணாச்சி பூவனநாதன் அவர்களுக்கு, தம்பி மணிராஜ் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே வெயில் பூரண நலம். மற்றவர்கள் நலத்தைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத நிலையில் இருப்பதால் அதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். தாங்களும் மதினியும் சென்னையில் தண்ணீர்க் கஷ்டம் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. உங்கள் அப்பாவும் என் பெரியப்பாவுமான முத்துகிருஷ்ணன் வாத்தியார் இங்கிலீஷிலிருந்து தழுவி எழுதிய ‘இருள்தீவில் இருபது நாள்’ என்ற சிறுவர் நாவலை, அவருடைய நூற்றாண்டுக்கு உங்கள் பதிப்பகத்தில் திரும்பப் போடுகிறீர்கள். உங்களிடம் புதிதாகச் சேர்ந்த மெய்ப்புப் பார்க்கும் பெண் அதைப் படித்துவிட்டு, ‘கறுப்பு மனிதர்களை இவ்வளவு கேவலமாக எழுதியிருக்கிற புத்தகத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா சார்’ என்று கேட்டுவிட்டாள். கொடுக்கலாமா, கூடாதா, வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று, வீட்டில் பதினொரு வயதுப் பிள்ளை வைத்திருக்கிற நீ சொல்லு, போனில் வேண்டாம், எழுத்தில் சொல்லு, கோப்பில் வைக்க வேண்டும், வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி அச்சுக்குப் போகிறது, அமுதவள்ளியையும் படிக்கச் சொல்லி அவள் கையால் ஒரு பக்கம் எழுதி வாங்கி அனுப்பு, முன்னால் போடலாம் என்று கட்டளையிட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அது போன திங்கட்கிழமை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி, அந்தப் புத்தகம் என்றால் எனக்கு உயிர். பள்ளிக்கூட நாளில் பத்தொன்பது தடவை படித்திருக்கிறேன். கப்பல் உடைந்து கேப்டன் துரை இருள்தீவில் ஒதுங்குவதும், நரமாமிசம் தின்னும் தீவுக்காரர்கள் அவரைப் பிடித்துப் பெரிய சட்டியில் இறக்குவதும், அடுப்பு பற்றாமல் போவதும், அவர் ஓடுவதும், மறுபடி பிடிபடுவதும், இருபதாம் நாள் வெள்ளைக்காரக் கப்பல் வருவதும் எனக்கு மனப்பாடம். பத்தொன்பது தடவையும் நான்தான் கேப்டன். நம் வீட்டில் கண்ணாடி இருந்தது, நானும் தினமும் அதில் பார்த்துத்தான் தலை சீவினேன், என் நிறம் என்னவென்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் புத்தகத்தைத் திறந்த உடனே நான் துரையாகிவிடுவேன். அது எப்படி முடிந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே புரியவில்லை. தாங்கள் கேட்டபிறகு பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி இருபதாவது தடவையாகப் படித்தேன். ‘மையிருட்டு நிறமும் மண்டைக்குள் களிமண்ணும் கொண்ட மூடர்’ என்று இருக்கிறது. ‘கற்றுக்கொடுத்தாலொழியச் சிரிக்கவும் அறியாத ஈனப்பிறவிகள்’ என்று இருக்கிறது. ஒரு கண்ணாடி மணியைக் காட்டினால் பெற்ற தாயை விற்றுவிடுவார்கள் என்று நம் பெரியப்பா, எறும்பு போகிற பாதையில் கால் வைக்காத மனுஷன், தன் கையால் எழுதியிருக்கிறார். இந்த வரிகள் அந்தக் காலத்திலும் இதே பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். பத்தொன்பது தடவையும் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

சரி, பிள்ளை கையில் அப்படியே கொடுக்க மனசு வரவில்லை, கொடுக்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். தீப்பெட்டி லேபிள் அடிக்கிறவன் நான். லேபிளில் தப்பு விழுந்துவிட்டால் பெட்டியைத் தூர எறிய மாட்டோம், தப்பு லேபிள் மேல் சரி லேபிளை ஒட்டி அனுப்பிவிடுவோம், இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது, ஒரு கடைக்காரரும் ஏனென்று கேட்டதில்லை. பிரஸ்ஸில் கிளிப் படம் போட்ட பழைய லேபிள் கட்டு ஒன்று மிச்சம் கிடந்தது. செவ்வாய்க்கிழமை மைதாப் பசை காய்ச்சி, கெட்ட வரி இருக்கிற இடத்திலெல்லாம் ஒரு கிளியை ஒட்டினேன். மொத்தம் நாற்பத்தோரு கிளி. திட்டு நீளமாக இருந்த இடங்களில் இரண்டு கிளி, ஜோடியாக. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. காயவைத்து, புதன்கிழமை காலையில், ‘அப்பா சின்னப் பிள்ளையில படிச்சது, நல்ல கதை’ என்று அமுதவள்ளியிடம் கொடுத்துவிட்டு, ஒரு பெரிய பிரச்சினையைத் தீர்த்த திருப்தியில் பிரஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

சாயந்திரம் வந்து பார்த்தால் மொட்டைமாடியில் தெருப் பிள்ளைகள் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் புத்தகம், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், அமுதா கையில் நனைத்த கைக்குட்டை. மற்றவர்கள் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, இவள் ஒரு கிளியை ஓரம் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே உரித்த கிளிகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

‘என்னம்மா செய்யுதீங்க’ என்றேன்.

‘கிளிக்குக் கீழ உள்ளதைப் படிக்கோம்ப்பா.’

‘கதையைப் படிக்கலையா?’

‘கதையை நீங்க ஒளிச்சு வைக்கலையே. அதைப் பொறவு படிச்சுக்கிடலாம்.’

கேப்டன் கரை ஒதுங்கினாரா, கடலோடு போனாரா என்று ஆறு பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆனால் களிமண் மண்டை, ஈனப்பிறவி, கண்ணாடி மணி எல்லாம் பக்க எண்ணோடு தெரிந்திருந்தது. பத்தொன்பது தடவை படித்தும் என் கண்ணில் படாத வரிகளை, நான் பாடுபட்டு ஒரே சாயந்திரத்தில் ஆறு பிள்ளைகளுக்குப் பாடமாக்கிவிட்டேன். அதற்குப்பிறகு அமுதா கேட்ட கேள்விகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ‘இவங்க நெசமாவே இருக்காங்களாப்பா’ என்றாள். எங்கேயாவது இருப்பார்கள் என்றேன். ‘இப்படித்தான் இருப்பாங்களா’ என்றாள். அது சும்மா கதைம்மா என்றேன். ‘சும்மா கதைன்னா எதுக்குக் கிளி ஒட்டுனீங்க’ என்றாள். டீ ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு யாரும் டீயே போட்டிருக்கவில்லை.

மறுநாள் அவள் கதையையும் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தாள். படித்துவிட்டு வந்து, நான் இந்த வயதுவரை கவனிக்காத இன்னொன்றைச் சொன்னாள். புத்தகத்தில் கேப்டன் துரை, ‘நண்ப, யாது செய்வோம், மரணம் நம்மை நெருங்குகின்றதே’ என்று பேசுகிறார். அவரைத் துரத்துகிறவர்கள், ‘ஏலே, அங்கன ஓடுதான் பாரு, இங்கன வளைச்சுப் பிடி’ என்று பேசுகிறார்கள். ‘தங்கள் காட்டுமொழியில் ஊளையிட்டனர்’ என்று பக்கத்திலேயே பெரியப்பா விளக்கமும் கொடுத்திருக்கிறார். ‘அப்பா, கேப்டன் பேசுததுதான் நமக்கு வெளங்கலை. காட்டுமிராண்டி பேசுதது நம்ம வீட்டுல பேசுத மாதிரியே இருக்கு’ என்றாள். இங்கிலீஷ் புத்தகத்தில் அவர்களுக்கு என்ன பாஷை கொடுத்திருந்தானோ, பெரியப்பாவுக்குக் காட்டுமொழி என்றதும் நம் பாஷைதான் ஞாபகம் வந்திருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் கடிதம் இந்த இடத்தில் முடிந்திருக்கும். வியாழக்கிழமை சாயந்திரம் என் வீட்டுக்காரி செல்வமாரி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அமுதா பக்கத்தில் உட்கார்ந்து அறுபத்துநான்காம் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ‘தீவுத்தலைவன் கும்பாலா கம்மஞ்சோற்றை உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் குழி பறித்து, அதில் கருவாட்டுக் குழம்பை வார்த்து, வாய்க்குள் எறியுமுன் இடப்புறம் ஒருமுறை வெறித்து நோக்குவான். அத்தீவின் மிருக வழக்கம் அது.’ செல்வமாரி கத்தியைக் கீழே வைத்தாள். ‘இன்னொரு தரம் வாசி’ என்றாள். வாசித்தாள். ‘ஏட்டி, இது உன் தாத்தால்லா’ என்றாள்.

அண்ணாச்சி, என் மாமனார் சங்கிலிப்பாண்டி சாப்பிடுவதை நீங்கள் நம் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு உருண்டைக்கும் இடப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அவர் வீட்டுக் கோழி இடப்பக்கமிருந்துதான் வந்து தட்டில் வாய் வைக்கும். கோழியே இல்லாத இந்த வீட்டுக்கு வந்தாலும், டைனிங் டேபிளில் உட்கார்ந்தாலும் அந்தப் பார்வை மாறாது. அவருடைய அப்பா சின்னக்கருப்பனும் அப்படித்தானாம், பரம்பரையே அப்படித்தானாம். நம் பெரியப்பா குளத்தூர்ப் பக்கத்து ஓராசிரியர் பள்ளியில் பதினோரு வருஷம் வாத்தியாராக இருந்தபோது அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு சின்னக்கருப்பன் வீட்டில்தான் என்பது உங்களுக்கும் தெரியும். இந்தப் புத்தகம் அந்தப் பதினோரு வருஷத்தில்தான் எழுதப்பட்டது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது, அதே நிமிஷம் செல்வமாரிக்கும் உறைத்துவிட்டது.

‘பதினோரு வருசம் எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, எங்களை ஆளைத் திங்குதவங்கன்னு எழுதியிருக்காவ’ என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அவள் சத்தம் போட்டால் நான் சமாளித்துவிடுவேன், இப்படிப் பேசினால் எனக்குக் கைகால் ஓடாது. அந்தப் பதற்றத்தில், ‘அவியதான நம்ம கல்யாணத்தையே பேசி முடிச்சாவ, உங்க குடும்பத்து மேல மரியாதை இல்லாமலா’ என்று வாயை விட்டேன். ‘அப்போ உங்களை எங்க அனுப்புதோம்னு தெரிஞ்சேதான் அனுப்பியிருக்காவ’ என்றாள். ‘பதினேழு வருசமாச்சே. உங்களை நாங்க தின்னுட்டமா?’

 கடைசியாக ஒரு தீர்மானம் சொன்னாள். ‘எங்கய்யாவைக் கேக்காம இந்தப் புஸ்தகம் அச்சுக்குப் போகப்படாது. போச்சுன்னா விழா மேடையில நீங்களும் உங்க அண்ணாச்சியும் மட்டும் நில்லுங்க. நானும் எம் பிள்ளையும் தீவுக்குப் போறோம்.’ அதன்பிறகு மூன்று நாள் என்னிடம் பேச்சு இல்லை. ‘அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு’, ‘அப்பாவுக்கு மோர் போதுமான்னு கேளு’ என்று எல்லாம் அமுதா வழியாகத்தான் வந்தது. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நூற்றாண்டு விழாவில் முதல் பிரதியை வாங்கப்போகிறவன், புத்தகத்தால் வீட்டில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். செல்வமாரி ஒரு சீட்டில், நான் ஒரு சீட்டில், புத்தகமும் அமுதாவும் நடுவில். வழியெல்லாம் மாமனாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ‘மாமா, உங்கள் அப்பாவை என் பெரியப்பா நரமாமிசம் தின்பவராக எழுதிவிட்டார், மன்னிக்க வேண்டும்’ என்பதை எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் கேட்க நன்றாக இல்லை. போய்ச் சேர்ந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கண்முன்னால் ஓர் உருண்டையை உருட்டி, இடப்பக்கம் பார்த்து, வாயில் போட்டார். அமுதா புத்தகத்தைத் திறந்து பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டாள்.

ஒத்திகை பார்த்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. புத்தகத்தை நீட்டிவிட்டேன். மாமனார் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கி, அட்டையைப் பார்த்தார். 

‘நம்ம வாத்தியார் புஸ்தகமா’ என்றார். ‘இதை எழுதும்போது நாங்கள்லா, மாப்பிள்ளை, கூடவே இருந்தோம்.’

நடந்தது இதுதான் அண்ணாச்சி. பெரியப்பா சனிக்கிழமைதோறும் எழுதினவரைக்கும் வகுப்பில் வாசித்துக் காட்டுவாராம். இங்கிலீஷ் புத்தகத்தில் தீவுக்காரர்கள் மனிதனைத் தின்பார்கள் என்று இருந்ததே தவிர, மனிதன் அகப்படாத நாளில் என்ன தின்பார்கள் என்று இல்லையாம். ‘ஏலே, காட்டுமிராண்டி என்னலே திம்பான்னு எங்கள்ட்ட கேட்டாரு’ என்றார் மாமனார். ‘நாங்க என்னத்தைக் கண்டோம். வீட்டுல திங்குததைச் சொன்னோம். எப்படித் திம்பான்னு கேட்டாரு. எங்கய்யா திங்குத மாதிரி செஞ்சு காட்டுனேன். எழுதிக்கிட்டாரு.’ பன்னிரண்டு வயசில் தன் அப்பாவைப் புத்தகத்தில் ஏற்றிவிட்ட சந்தோஷத்தில் ஒரு வாரம் தூக்கமே இல்லையாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார், சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த உயிர் நிலைப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சாமித்துரை வந்தார். மாமனாரோடு அதே வகுப்பில் படித்தவர். புத்தகத்தைப் பார்த்ததும், ‘எங்கய்யா தலைவரா வருவாரே, அதுதான’ என்றார். ‘தலைவரு எங்கய்யாலே’ என்றார் மாமனார். ‘உங்கய்யா அடுப்பு ஊதுதவரு.’ சாமித்துரை விடவில்லை. தலைவனுடைய இடது காதில் மூன்று ஓட்டை என்று எழுதியிருக்கிறது, சின்னக்கருப்பனுக்குக் காதில் ஓட்டை ஏது, அது என் அப்பா காது என்றார். சோறு தின்பதில் சின்னக்கருப்பனும் காதில் சாமித்துரை அப்பாவும் இருப்பதால், நரமாமிசத் தலைவன் யார் வீட்டு ஆள் என்று முடிவாகாமல் தெருவே கூடிவிட்டது. இதற்கெல்லாம் காரணமான செல்வமாரி என்ன செய்தாள் தெரியுமா? ‘காது எவருதா வேணாலும் இருந்துட்டுப் போவுது, தலைவரு எங்க தாத்தாதான். அறுபத்துநாலாம் பக்கத்தை எடுத்து வாசி ஏட்டி’ என்று நடுத்தெருவில் நின்று வழக்காடினாள். மூன்று நாளாக அவமானமாக இருந்தது ஒரு மணி நேரத்தில் குடும்பச் சொத்தாகிவிட்டது.

அமுதா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள், கூட்டம் கலைந்தபிறகு தாத்தாவிடம், ‘வாத்தியார் தாத்தா அந்தத் தீவைப் பார்த்திருக்காங்களா’ என்று கேட்டாள். ‘அவரு தூத்துக்குடியைத் தாண்டுனதில்லையே தாயி’ என்றார். ‘இங்கிலீஷ்ல எழுதுனவரு?’ ‘அவரைப் போயி யாரு கேட்டா.’ அவள் அதையும் எழுதிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வமாரி என் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். ‘மேடையில எங்கய்யாவுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க’ என்றாள். மூன்று நாளைக்குப் பிறகு என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால் தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். ஒரு வரியையும் வெட்ட வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களை நேரில் போய்க் கேட்டுவிட்டேன், அவர்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, சந்தோஷமே. மெய்ப்புப் பார்க்கும் பெண்ணிடம் இதைச் சொல்லி அவள் மனசைத் தேற்றுங்கள். முன்னுரையில், தீவுக்காரர்களின் சாப்பாடு உபயம் சின்னக்கருப்பன் குடும்பம் என்று ஒரு வரி போட்டால் வீட்டில் எனக்கு நல்லது. காதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை தைரியமாக அச்சுக்கு அனுப்புங்கள், விழாவுக்கு மண்டபம் பேச நான் நாளைக்கே போகிறேன்.

மதினிக்கு என் வணக்கமும் செல்வமாரியின் விசாரிப்பும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. பூவனநாத சுவாமியும் செண்பகவல்லித் தாயும் தங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் புத்தகங்களுக்கு நல்ல விற்பனையும் அருளட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
மணிராஜ்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அமுதா தன் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தாள். நான் எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, ‘யாரைப்பா கேட்டீங்க’ என்றாள். தாத்தாவைத்தானே கேட்டோம், நீயும்தானே இருந்தாய் என்றேன். ‘தாத்தா சிரிச்சாங்க. அவங்க ஆளைத் திங்கலைன்னு நமக்குத் தெரியும், அதான் நாமளும் சிரிச்சோம். புஸ்தகத்துல அசிங்கமாத் திட்டியிருக்கது தாத்தாவை இல்லையே. தீவுல உள்ளவங்களை யாருமே கேக்கலையே’ என்றாள். அண்ணாச்சி, நான் ஒரு வாரமாக அலைந்து திரிந்து மேலே எழுதிய அத்தனையையும் கோப்பில் வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்பாதீர்கள். மண்டபத்துக்கும் நான் போகவில்லை. அவள் கொண்டுவந்த பக்கம் உங்கள் புத்தகத்துக்கு எழுதியது இல்லை, அந்தத் தீவுக்கு எழுதிய கடிதம். ‘எங்கள் தாத்தா வீட்டுச் சாப்பாட்டை உங்கள் சாப்பாடு என்று தப்பாக எழுதிவிட்டார்கள். நீங்கள் நிஜமாக என்ன சாப்பிடுவீர்கள்?’ என்று ஆரம்பிக்கிறது. உறையின் மேல் எழுதுவதற்குச் சென்னைப் பெரியப்பாவிடம், அதாவது தங்களிடம், விலாசம் கேட்டுச் சொல்லுங்கள் என்று பேனாவோடு பக்கத்தில் நிற்கிறாள்.